ஏழு கன்னியர் மலையில் ஓர் இரவு

மலைநாட்டிலே பிறந்தவர்களுக்கு மலையைப் பற்றிய அச்சம் இராது என்று சமவெளியில் வாழ்வோர் எண்ணுவதுண்டு. ஓரளவுக்கு அது உண்மையே. காலையிற் கண்விழித்ததும் எதிரே நிற்பது மலை. பாடசாலைக்குப் போகும் வழி மலை. விறகு தருவதும் மலை. நாள்தோறும் காணும் பொருளிடத்து நமக்கு உண்டாவது பழக்கம். அந்தப் பழக்கத்தையே அறிவு என்று நாம் தவறாக எண்ணிவிடுகிறோம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை என் பதினைந்தாம் வயதில், ஒரே இரவிலே நான் கற்றுக்கொண்டேன்.

சென்ற விடுமுறையில் என் பேரன், தோழர்களோடு மலையேறப் போவதாகச் சொல்லி என் முன் வந்து நின்றான். "என்னென்ன எடுத்துப் போகிறாய்?" என்று கேட்டேன். "கைப்பேசி இருக்கிறது, தாத்தா" என்றான். அந்த ஒரு விடையே இதனை எழுதத் தூண்டிற்று. இத்தனை ஆண்டுகளாக நான் முழுமையாக எவரிடமும் சொல்லாத கதை இது. சொல்லாமைக்குக் காரணம் அச்சமன்று, வெட்கம்.

1974 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட விமானம் ஒன்று, கட்டுநாயக்காவில் இறங்க வேண்டிய வேளையில், மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. அதிலிருந்த 191 பேருள் ஒருவரும் உயிர் தப்பவில்லை. மலைகளைக் கடந்துவிட்டோம் என்ற நினைப்பிலே விமானத்தைத் தாழ இறக்கிவிட்டார்கள் என்பது பின்னர் நடந்த ஆராய்ச்சியின் முடிவு. எத்தனையோ கருவிகள் உதவிக்கு இருந்தும், தாம் நிற்கும் இடத்தைப் பற்றிய ஒரு பிழையான எண்ணம் அத்தனை உயிர்களையும் கொண்டுபோயிற்று.

எங்கள் தோட்டத்து லயத்து வாசலிலிருந்து பார்த்தால் அந்த மலைத்தொடர் தெரியும். மாதம் ஒன்று கழிந்தும் பேச்செல்லாம் அதைப் பற்றியதாகவே இருந்தது. உடைந்த பாகங்கள் காட்டிற் கிடக்கின்றன என்றார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலே நாங்கள் மூவர் புறப்பட்டோம். நான், கணக்கப்பிள்ளையின் மகன், என் அடுத்த காம்பிராவில் வாழ்ந்த என் ஆருயிர்த் தோழன். யோசனை என்னுடையது. தோழனுக்கு விருப்பமில்லை, அவனைக் கோழை என்று ஏசி இழுத்துக்கொண்டு போனவனும் நானே.

அக்காலத்து நிலையையும் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1973, 1974 ஆம் ஆண்டுகள் தோட்டங்களுக்குக் கொடிய ஆண்டுகள். அரிசியும் மாவும் அரிதாயின. கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்று நாளைக் கழித்த குடும்பங்கள் பல; பட்டினியால் இறந்தோரும் உண்டு. அன்று காலை எங்கள் வீட்டில் இரண்டு ரொட்டிகள் இருந்தன. ஒன்று என் பங்கு, மற்றையது அம்மாவின் பங்கு. நான் இரண்டையும் காகிதத்திற் சுருட்டி எடுத்துக்கொண்டேன். எங்கே போகிறேன் என்று வீட்டிற் சொல்லவில்லை.

தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்திலே, தப்புக்காரத் தாத்தா விறகு வெட்டிக்கொண்டிருந்தார். இளமையிலே விடியற்காலம் தப்பு அடித்துத் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைத்தவர் அவர். பிறகு அந்த வழக்கம் போய்விட்டது. காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் மாத்திரமே அவரை அழைப்பார்கள். அழைத்தாலும் முற்றத்திலேயே நிறுத்துவார்கள்.

"எங்க தம்பி போறீங்க?" என்றார்.

"மலைக்கு."

"தீப்பெட்டி இருக்கா? கம்பளி இருக்கா? வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?"

மூன்று கேள்விகள். மூன்றுக்கும் எங்களிடம் விடையில்லை. கணக்கப்பிள்ளையின் மகன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "கிழவனுக்குப் பீடி பத்த வைக்கத் தீப்பெட்டி வேணுமாம்" என்றான். நான் உரக்கச் சிரித்தேன். பெரியவர் கோபிக்கவில்லை. "உச்சிப் பொழுதுல எங்க நிக்கிறீங்களோ, அங்கயிருந்தே திரும்பிடுங்க தம்பி. மல எங்கயும் ஓடிப் போகாது" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் கத்தியை ஓங்கினார்.

ஏறினோம். தலைக்கு மேல் வளர்ந்த மானாப் புல். அதற்கப்பால் பாசி படர்ந்த மரங்கள். அட்டைகள் கால்களில் ஏறின. ரப்பர்ச் செருப்பு ஈரப் பாறையிலே வழுக்கியது. நண்பகலில் ஓரிடத்தில் அமர்ந்து ரொட்டியைப் பிரித்தேன். தோழன், "நான் சாப்பிட்டுத்தான் வந்தேன், நீங்க சாப்பிடுங்கடா" என்றான். வற்புறுத்திக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவன் பங்கும் எனக்குக் கிடைத்ததே என்று மகிழ்ந்து தின்றேன். பெரியவர் சொன்ன உச்சிப் பொழுது அதுவே. நாங்கள் திரும்பவில்லை.

பிற்பகலில், பன்னங் கொடிகளுக்கிடையே வளைந்து நசுங்கிய உலோகத் தகடு ஒன்று கிடந்தது. நாங்கள் தேடி வந்த பொருள் அதுதான். கணக்கப்பிள்ளையின் மகன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். ஒருவரும் பேசவில்லை. வேடிக்கை பார்க்க வந்த இடம் வேடிக்கைக்குரியதன்று என்பது அப்பொழுதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது மூடுபனி வந்துவிட்டது. மலைநாட்டார் அனைவரும் பனியை அறிவர். ஆனால், வீட்டு வாசலிலிருந்து பார்க்கும் பனி வேறு, காட்டினுள் நம்மைச் சூழும் பனி வேறு. பத்தடிக்கப்பால் நின்ற மரம் மறைந்தது. வந்த வழி எது, போகும் வழி எது என்று தெரியவில்லை. அரைமணி நேரம் நடந்த பின், எங்கள் செருப்புத் தடத்தையே மறுபடியும் கண்டோம்.

"ஆற்றைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வந்துவிடும்" என்றேன் நான். பாடப் புத்தகத்தில் எங்கோ படித்தது. சமவெளியில் அது நல்ல யோசனையாக இருக்கலாம். நம் மலைகளில் அது மரணத்தின் வழி. இங்கே ஓடைகள் சரிந்து ஓடுவதில்லை, குதித்து ஓடுகின்றன. நூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழும் லக்ஷபான நீர்வீழ்ச்சி அதே பிரதேசத்தில்தான் இருக்கிறது. நாங்கள் பின்பற்றிய ஓடையும் ஓரிடத்தில் திடீரென்று மறைந்தது. நீரின் இரைச்சல் மட்டும் கீழே வெகு தொலைவிலிருந்து வந்தது. முன்னே சென்ற கணக்கப்பிள்ளையின் மகன் வழுக்கி, ஒரு வேரைப் பற்றிக்கொண்டு தப்பினான். ஆனால் அவன் கணுக்கால் பிசகிவிட்டது. அதற்குமேல் அவனால் நடக்க இயலவில்லை. மழையும் தொடங்கிற்று.

ஆறு மணி கடந்ததும் இருள் கவிந்தது. நம் நாட்டில் அந்திப் பொழுது மிகக் குறுகியது. காட்டினுள்ளே அதுவும் இல்லை. ஒரு பாறையின் கீழ் ஒடுங்கினோம். தோழன் நடுங்கினான். பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை எனக்குக் கேட்டது. நேரம் செல்லச் செல்ல அவன் பேச்சுக் குழறியது. பின்னர் நடுக்கம் நின்றுவிட்டது. "இப்ப குளிரல, கொஞ்சம் படுத்துக்கிறேன்" என்றான். அவனுக்குக் குணமாகிவிட்டது என்று எண்ணி நான் ஆறுதல் அடைந்தேன்.

அந்த ஆறுதல் எவ்வளவு பெரிய அறியாமை என்பதைப் பின்னாளில் மருத்துவ நூல்களைப் படித்தே அறிந்தேன். மனித உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து. நடுக்கம் என்பது உடல் தன்னைத் தானே சூடாக்கிக்கொள்ளும் முயற்சி. குளிர் நீங்காமலே நடுக்கம் நின்றால், உடல் தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். இதற்குப் பனிக்கட்டி பெய்யும் நாடு வேண்டியதில்லை. நனைந்த உடை, காற்று, வெறும் வயிறு ஆகிய மூன்றும் சேர்ந்தால் நம் மலைகளே போதும்.

வெறும் வயிறு என்றேன். அவனை உறங்கவிடாமல் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தபோது, குழறிய குரலில் அவன் உண்மையைச் சொன்னான். முந்தின நாள் நண்பகலுக்குப் பிறகு அவன் ஒன்றும் உண்ணவில்லை. தன் பங்கைத் தங்கைகளுக்கு விட்டுவிட்டு வந்திருந்தான். அன்று மலைமேல் நான் தின்ற ரொட்டி இன்றைக்கும் என் தொண்டையைவிட்டு முழுதும் இறங்கவில்லை.

இரவு ஒன்பது மணி இருக்கலாம். மழை ஓய்ந்த இடைவெளியில், எங்கோ தொலைவில் ஓர் ஓசை. முதலில் அதை நீரின் ஓசை என்று நினைத்தேன். இல்லை, அதற்குத் தாளம் இருந்தது. தப்பு! சிறிது நேரம் அடித்து நிறுத்தும். பின் மறுபடியும் அடிக்கும். நிறுத்துவது எங்கள் குரலைக் கேட்பதற்காக என்பது எனக்கு விளங்கியது. கத்தினோம். அருவியின் இரைச்சல் எங்கள் குரலை விழுங்கியது. இரண்டு கற்களை எடுத்துப் பாறையிலே அந்தத் தாளத்துக்கேற்ப ஓங்கித் தட்டினேன். தப்பு நின்றது. மறுபடி தட்டினேன். பின்பு அந்த ஓசை எங்களை நோக்கி வரத் தொடங்கியது.

பந்தங்களோடும் அரிக்கன் லாம்புகளோடும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முன்னே தப்புக்காரத் தாத்தா. பொழுது சாய்ந்தும் நாங்கள் இறங்கி வராததைக் கண்டு, லயம் லயமாகப் போய் ஆட்களைத் திரட்டியவர் அவரே. தப்பின் தோல் ஈரத்தில் தளர்ந்துவிடும். நெருப்பிலே காய்ச்சினால்தான் ஒலிக்கும். அந்த மழையிலே, பாறை மறைவுகளில் சருகு எரித்து, தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடித்துக்கொண்டு வந்திருந்தார். மடியிலே, மெழுகுத் துணியிற் சுற்றிய தீப்பெட்டி இருந்தது.

ஒருவர் என் தோழனை எழுப்பி நடக்க வைக்க முயன்றார். பெரியவர் தடுத்தார். கைகால்களைத் தேய்க்கவும் விடவில்லை. நனைந்த சட்டையைக் கழற்றி, தம் கம்பளியினுள் அவனைத் தம் மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொண்டார். அவன் விழுங்கக்கூடிய நிலைக்கு வந்த பிறகே, கருப்பட்டி கலந்த சூடான சாயத்தண்ணியைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார். நெடுநேரத்தின் பின் அவன் மறுபடியும் நடுங்கத் தொடங்கினான். "இனிப் பொழைச்சிக்குவான்" என்றார். இன்றைய மருத்துவர் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

விடியும்வரை நெருப்பருகே இருந்தோம். "இதெல்லாம் எங்கே படித்தீர்கள், தாத்தா?" என்று கேட்டேன். "எங்க பாட்டன் மன்னாரு காட்டு வழியா நடந்து வந்தவரு தம்பி. அந்தக் காட்டுல செத்தவன் எல்லாம் புலி அடிச்சா செத்தான்? தண்ணி எங்க இருக்குன்னு தெரியாம செத்தான், குளிர்காய்ச்சல்ல செத்தான்" என்றார்.

அது வெறுங்கதையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்ட நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாகவே மலையேறினர். பசியும் வாந்திபேதியும் காய்ச்சலும் எண்ணற்றோரை வழியிலேயே மாய்த்தன. தலைமன்னாருக்குப் புகைவண்டிப் பாதை வந்தது 1914 இல்தான். அவர்கள் ஆயத்தமின்றிக் காட்டிற் புகுந்தது அறியாமையால் அன்று, வறுமை துரத்தியதால். நாங்கள் புகுந்தது செருக்கினால். அவர்கள் உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை, ஒரு முதியவர் மூன்று கேள்விகளாகச் சுருக்கி எங்கள் கையிற் கொடுத்தார். நாங்களோ சிரித்தோம்.

ஆயத்தத்தோடு செல்வது கோழைத்தனம் என்று இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். உலகமெல்லாம் சுற்றிய இபின் பதூதா 1344 இல் சிவனொளிபாதமலைக்கு ஏறிய வரலாற்றை அவர்கள் அறிய வேண்டும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்குக் கொடுத்ததோடு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய நான்கு யோகிகளையும், மூன்று பிராமணரையும், தம்மவர் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினார். அத்தனை நாடுகளைக் கண்டவர், "எனக்கு வழி தெரியும்" என்று தனியே புறப்படவில்லை. அவ்வழியில் அட்டைகள் மிகுதி என்றும், மக்கள் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருந்து அவற்றின்மேற் பிழிவர் என்றும், அதனைச் செய்யாமல் அசட்டையாக இருந்த யாத்திரிகர் ஒருவர் குருதியிழந்து இறந்தார் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவே அங்கே உயிருக்கும் சாவுக்கும் இடையிலிருந்த தூரம்.

காலம் மாறினும் மலை மாறவில்லை. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். டிசம்பர் முழுமதி முதல் மே மாதத்து வெசாக் வரையுள்ள பருவத்தில் படியெங்கும் விளக்கும் தேநீர்க் கடையும் உண்டு. பருவம் முடிந்தபின் அதே படிகளில் இருளும் மழையும் காற்றுமே துணை. ஹோர்ட்டன் சமவெளியிலே, உலக முடிவு என்னும் செங்குத்துச் சரிவு ஏறத்தாழ 880 மீற்றர் ஆழமுடையது. காலை நேரம் கழிந்ததும் பெரும்பாலும் பனி மூடிவிடும். விளிம்பு எது, வெளி எது என்று தெரியாது. 2015 ஆம் ஆண்டில், புது மனைவியைப் படம் எடுக்கப் பின்னோக்கி அடிவைத்த நெதர்லாந்து இளைஞர் ஒருவர் அங்கிருந்து விழுந்தார். சரிவில் நின்ற மரம் ஒன்று அவரைத் தாங்கிக்கொண்டது, இராணுவத்தினர் மீட்டனர். எல்லோருக்கும் ஒரு மரம் வாய்ப்பதில்லை.

ஆதலின், மாணவச் செல்வங்களே, மலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, போங்கள். ஆனால் எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அனுமதி பெற வேண்டிய இடத்தில் அனுமதி பெற்று, வழியறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகை அளவு குறையும் என்பதை நினைவில் வைத்து, நனையாமற் சுற்றிய கம்பளியாடை ஒன்றும் மழையங்கியும் கொண்டுபோங்கள். தீப்பெட்டி, கைவிளக்கு, ஊதுகுழல், தேவைக்கு மேல் ஒருவேளை உணவு, இவை சுமையல்ல. உச்சிப் பொழுதில், உச்சி எட்டாவிட்டாலும் திரும்புங்கள். வழி தவறினால் அலையாதீர்கள், ஓடையைப் பின்பற்றாதீர்கள், மறைவான ஓரிடத்தில் ஒன்றாக இருந்து ஒலி எழுப்புங்கள். கைப்பேசி வேலை செய்யும் இடமாயின் 119 ஐயும் 1990 ஐயும் அழைக்கலாம். ஆனால் பள்ளத்தாக்கில் அது வெறுங் கண்ணாடித் துண்டு என்பதையும் மறவாதீர்கள். உடன் வருபவன் சாப்பிட்டானா என்று இரண்டு முறை கேளுங்கள்.

அம்மா அன்று என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அடுத்த ஞாயிறு தப்புக்காரத் தாத்தாவின் காம்பிராவுக்கு அழைத்துச் சென்று, அவர் காலில் விழச் சொன்னார். கணக்கப்பிள்ளை ஐயா அவரைத் தம் வீட்டு விறாந்தைக்கு அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, வீட்டார் குடிக்கும் கோப்பையிலே தேநீர் கொடுத்தார். அவ்விறாந்தையில் அவர் ஏறியதை அதற்குமுன் நான் கண்டதில்லை. ஆனால் அவ்வாண்டுக் காமன் கூத்தின்போது அவர் மறுபடியும் முற்றத்திலேயே நின்றார். நானும் அதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றேன். என் வெட்கங்களில் அதுவும் ஒன்று.

தோழன் பிழைத்தான். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி சில ஆண்டுகளில் அவன் குடும்பம் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. ஹட்டன் புகைவண்டி நிலையத்தில் ஒரே அழுகுரல். அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயரே ஒப்பாரிக் கோச்சி. முன்பின் அறியாத ஊருக்கு, யாதோர் ஆயத்தமும் இல்லாமல் போகிறவர்களுக்கு என்ன கொடுப்பது? வண்டி நகரும்போது ஒரு தீப்பெட்டியை அவன் கையில் வைத்தேன். அவன் பார்த்தான், அழுகைக்கிடையே சிரித்தான். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டான்.

பேரன் நேற்றுக் காலை புறப்பட்டான். வாசலில் நின்று அந்த மூன்று கேள்விகளையும் கேட்டேன். மூன்றுக்கும் விடை வைத்திருந்தான். நான்காவதாக, தன் பையைத் திறந்து காட்டி, "தோழர்களுக்கும் சேர்த்து ரொட்டி எடுத்திருக்கிறேன், தாத்தா" என்றான்.

மாலை ஐந்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டான். உச்சியை எட்டவில்லையாம்.